பூஜ்யம் கடைசியில்

எனக்கு வரிசையில் நிற்கப் பிடிக்கும். முப்பது வருடமாக ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன். தெரிந்தவரைப் பிடித்துக் குறுக்கே நுழைந்து ஒருநாளும் பெருமாளைச் சேவித்ததில்லை. கசகசவென்று வேர்த்து, கால் கடுத்து, நம் முறை வரும்போது ஒரு திருப்தி வருமே, அது எனக்குப் போதும். விசாரணை அதிகாரியான நீங்கள் என்னை ஈவிரக்கமில்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாது, ஆனந்தவள்ளி மேடம். அதனால்தான் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டு வாங்கினேன்.

திருச்சியில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் போக்குவரத்து விதிகளை எழுதுவது என் வேலை. சாலைப் போக்குவரத்து இல்லை. இணையத்தில் எதுவும் முழுசாகப் போகாது. படமோ பேச்சோ சின்னச் சின்னப் பாக்கெட்டாக வெட்டுப்பட்டுத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் ஃப்ளோ லேபிள் என்று ஓர் எண்ணுக்கு இடம் உண்டு. பெண் வீட்டாரை எல்லாம் ஒரே வேனில் ஏற்றிவிடுவது மாதிரி, ஒரே எண் உள்ள பாக்கெட்டுகளை நடுவிலுள்ள கருவிகள் ஒரே வழியில் அனுப்பும். எண் போடாவிட்டால் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும்.

நான் நான்கு விதிகள் எழுதினேன். அனுப்புகிறவரே எண் போட வேண்டும். பிறர் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும். வழியில் யாரும் அதை மாற்றக் கூடாது. இவை மூன்றும் ஊர் உலகம் ஒப்புக்கொண்டவை. நான்காவது என் சொந்தச் சரக்கு: நெரிசல் வந்தால் பூஜ்யம் கடைசியில் போகட்டும். நான்கும் அரைப் பக்கத்தில் அடங்கின. பார்க்கவே லட்சணமாக இருந்தது.

என்னோடு வேலை பார்க்கும் சிவசங்கருக்கு நான்காவது பிடிக்கவில்லை. "எண் இல்லாதது அதுங்க குத்தமா சார்? பழைய மெஷினுக்கு எண் போடத் தெரியாது. பச்சைமலை சுகாதார நிலையத்துல இருக்கிற ஈசிஜி மெஷின்கூட பூஜ்யம்தான் போடுது. நெஞ்சு வலின்னு யாராவது வந்தா, அது அனுப்புற கோட்டைப் பார்த்துத்தான் இங்க இருக்கிற டாக்டர் ஊசி போடச் சொல்றாரு" என்றான். சொன்னதோடு நிற்காமல், அந்த நிலையத்துக்கு மட்டும் விலக்கு என்று ஐந்தாவதாக ஒரு வரியும் சேர்த்தான்.

ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் அடுத்தவர் வந்து நிற்பார். அதன் பிறகு விதி எதற்கு? விதிகளை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு முந்தின நாள் அந்த வரியை எடுத்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மனசு கஷ்டப்படுவான்.

சித்திரைத் தேரன்று சோதனை. நேரலை பார்க்கிற கூட்டத்தில் எங்கள் இணைப்பு பிதுங்கி வழியும் என்று தெரிந்துதான் அந்த நாளைக் குறித்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை, ஒரு மணி நேரம், விதியைத் தொடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். தேர் கொஞ்சமும் சிக்காமல் திரையில் அசைந்து வந்தது. வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டேகாலுக்கு பச்சைமலை சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் இருளாயி கூப்பிட்டார். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் அவருக்கு செல்போன் எடுக்கும். அதிலும் பேச மட்டும்தான் முடியும். "சார், வீரமலைன்னு ஒருத்தரு, மரவள்ளிக் காட்டுல நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுந்துட்டாரு. ஊசி கையில இருக்கு. கோட்டைப் பார்க்காம போட வேண்டாங்கிறாரு டாக்டர். அது போவ மாட்டேங்குது சார்."

"கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா" என்றேன். அவரைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டரைக்கு மறுபடியும் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "அவருக்கு வேர்த்துக் கொட்டுது சார். கீழ கொண்டு போவ ரெண்டு மணி நேரம் ஆயிடும்." சிவசங்கர் பக்கத்தில்தான் நின்றான். விதிப் பட்டியலைத் திறந்து பார்த்து, தன் வரி அங்கே இல்லை என்பதைக் கண்டுகொண்டான். "போட்டுடவா சார்? அரை நிமிஷம்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகத்தான் பிடித்தேன். "ஒன்பதுக்குப் போடலாம்ப்பா" என்றேன். நடுவில் தொட்டால் சோதனை செல்லாது. திரும்ப நடத்துவதென்றால் அடுத்த சித்திரைவரை காத்திருக்க வேண்டும். சிவசங்கருக்கு இது விளங்கவில்லை. அவன்தான் உங்களுக்குப் புகார் எழுதினான். அதில் எனக்கு வருத்தமில்லை, நல்ல பையன்.

வரியை நீக்கியது நான்தான். அரை மணி நேரம் அதைத் திரும்பப் போடவிடாமல் தடுத்ததும் நான்தான். மலையில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தேதான் செய்தேன். இதில் நான் எதையும் மறைக்கவில்லை.

ஆனால் சொன்ன சொல் தவறவில்லை, மேடம். ஒன்பது அடித்ததும் என் கையாலேயே அந்த வரியைச் சேர்த்தேன். ஒன்பது ஒன்றுக்கு ஈசிஜி டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரே நேர்கோடுதான் இருந்தது என்கிறார்கள். இருக்கலாம், ஆனால் ஒரு பாக்கெட்கூட வழியில் தொலையவில்லை.