கரையில் கம்பி இல்லாத நகரம்

ஹீட்டரை ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள். சரியான இடம். பலர் அதை உட்சுவரோடு வைப்பார்கள்; ஜன்னலடியில் வைத்தால் சூடு வெளியே போய்விடும் என்று நினைப்பு. உண்மையில், கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும். இறங்குகிற இடத்திலேயே அதைச் சூடாக்கி மேலே அனுப்பிவிட்டால் உட்கார்ந்திருப்பவரின் காலில் குளிர் படாது. இந்த டண்டினொங் பொலிஸ் நிலையத்தைக் கட்டியவர் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்.

தமிழில் சொல்லலாம் என்று மொழிபெயர்ப்பாளரையும் அழைத்து வைத்திருக்கிறீர்கள். நன்றி. ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தை ஒழுங்காக விளங்கப்படுத்த எனக்குத் தமிழ்தான் வசதி. அவசரம் இல்லை என்று சொன்னீர்கள். அப்படியானால் முதலில் இருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் வரதராஜா. மழைநீர் வடிகால் பொறியியலாளர். எழுபத்து மூன்றாம் ஆண்டு மனைவி ரஞ்சினியோடு யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்தேன், பக்கத்தில் மல்கிரேவில் வீடு. பிள்ளைகள் இல்லை. ரஞ்சினி சென்ற ஒக்டோபரில், பெல்ஜியத்தில் புரூஜ் என்ற பழைய நகரத்தில், கால்வாயில் விழுந்து இறந்தாள். அந்த ஊர்ப் பொலிஸாரிடம் நான் கொடுத்த வாக்குமூலம் உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் ஒரு வரி மட்டும் சரியில்லை. அது எந்த வரி என்று பிறகு சொல்கிறேன்.

ரஞ்சினியின் கண்ணைப் பற்றித் தெரிந்தால்தான் மற்றது விளங்கும். அவளுக்கு விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுதாகிக்கொண்டு வந்தது. குருடு என்று சொல்ல முடியாது. ஒரு வடிகால் குழாயின் முனையில் கண்ணை வைத்துப் பாருங்கள். தூரத்தில் நிற்கிற கோபுரம் துல்லியமாகத் தெரியும், அதன் மணிக்கூட்டு முள்கூடத் தெரியும். உங்கள் காலடியில் கிடக்கிற செருப்பு தெரியாது. அவள் உலகத்தை அப்படித்தான் பார்த்தாள். குழாய் வருடா வருடம் சிறுத்துக்கொண்டு வந்தது.

கண் டொக்டரின் காத்திருக்கும் அறையில் ஒரு கலண்டர் தொங்கும். ஒரு மாதத்துப் படத்தில் புரூஜ்: கால்வாய், அன்னம், கல்வீடுகள். ரஞ்சினி எழுந்து போய் அதற்கு மிக அருகில் நின்று, முகத்தை மெல்ல மெல்ல அசைத்து, படம் முழுவதையும் துண்டு துண்டாகப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, இந்த ஓட்டை அடைபட முதல் இதைப் பாத்திட வேணும்" என்றாள். நான் உடனே சம்மதித்தேன். நான் கெட்ட கணவன் இல்லை என்பதை அவளது தம்பி யோகேஸ்வரனே உங்களுக்குச் சொல்லியிருப்பான்.

வெளியே நடக்க எங்களிடம் ஒரு முறை இருந்தது. நான்தான் உருவாக்கினேன். அவள் முன்னால் நடப்பாள். நான் அரையடி பின்னால், அவளது முழங்கையில் கை வைத்துக்கொண்டு. படி வந்தால் "படி" என்பேன். கல் வந்தால் "கல்", தெருவோரம் வந்தால் "கரை". எச்சரிக்கைச் சொல் வராவிட்டால் வழி சரி என்று அர்த்தம். அவள் தயங்காமல் நடக்கலாம். டண்டினொங் சந்தைக்குள் சனநெரிசலில்கூட அவள் அப்படி நடப்பாள். பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் குறை இருப்பதே தெரியாது. ஒரு மனிதரின் நடை இன்னொருவரின் வாய்ச்சொல்லில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

எச்சரிக்கைச் சொற்களுக்கு இடையில் நான் மற்ற விஷயங்களையும் சொல்லிக்கொண்டு வருவேன். ட்ராம் எப்படித் திரும்புகிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது, இப்படி. அவள் கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது யோகேஸ்வரன் புதிதாக வாங்கிய றேடியோவைக் காட்டினான். ரஞ்சினி சொன்னாள்: "எனக்கு உது தேவையில்லை. நான் ஒண்டைக் கட்டிக்கொண்டு வந்தனான். நிப்பாட்டுற பட்டன்தான் இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். யோகேஸ்வரனின் மனைவி கமலினி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல பகிடிதான். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அன்று ரஞ்சினி குங்குமப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாள். யோகேஸ்வரன் கதவடிக் கதிரையில் இருந்தான்.

புரூஜ் நகரத்தைப் பற்றி நான் போக முதலே நிறையப் படித்திருந்தேன். நீங்கள் போகச் சந்தர்ப்பம் கிடைத்தால் நடந்துதான் பார்க்க வேண்டும். தரை தட்டை, தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியாத தட்டை. அதனால் மதகு வைத்து ஒரே மட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். பார்த்தால் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். ஒரு காலத்தில் கடல் அந்த ஊரின் வாசல் வரைக்கும் வந்தது. கம்பளியும் மசாலாப் பொருளும் ஏற்றிய படகுகள் களஞ்சியங்களின் கதவடிக்கே வந்தன. பிறகு கடல்வாயில் மணல் படிந்தது, கப்பல்கள் வேறு துறைமுகம் தேடிப் போயின, ஊர் ஏழையாகிவிட்டது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டக் காசு இல்லாதபடியால் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அழகு என்று சனங்கள் பார்க்க வருவது அந்த ஏழ்மையைத்தான்.

கரைகளில் ஏன் கம்பி வேலி இல்லை என்று அந்த ஊர்ப் பொலிஸ்காரர் ஒருவரே தலையில் அடித்துக்கொண்டார். அதற்கும் காரணம் இருக்கிறது. கரை சாமான் இறக்குவதற்காகக் கட்டியது. மூட்டையோடு ஏறுகிறவனுக்கு வேலி இடைஞ்சல். சில இடங்களில் கல்பாதை ஒரு பக்கம் திரும்பும். நேரே போனால் படகுக்கு இறங்குகிற இரண்டு மூன்று படி, அதற்குப் பிறகு தண்ணீர்.

இதையெல்லாம் முதல் நாளே ரஞ்சினிக்கு விளங்கப்படுத்தினேன். சதுக்கத்துக்கு வந்தோம். அங்கே உயரமான மணிக்கோபுரம். மணிகள் பாட்டாக ஒலிக்கத் தொடங்கின. உள்ளே பெரிய உருளை ஒன்று சுற்றும், அதில் முளைகள், ஒவ்வொரு முளையும் ஒரு கம்பியை இழுக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கோபுரத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, ஒருக்காச் சும்மா இருங்கோவன்."

"விளங்கினால்தானே ரசிக்கலாம்."

"எனக்கு விளங்க வேண்டாம். பாத்தாப் போதும். நீங்கள் சொல்லச் சொல்ல நீங்கள் சொல்லுறதுதான் தெரியுது. ஊர் தெரியேல்லை."

பிறகு அவளே சிரித்தாள். கோபுரத்தடிக் கடையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, சூட்டோடு ஒன்றை எடுத்து, என் முகத்தைத் தடவிப் பார்த்து வாயில் வைத்தாள். "இந்தாங்கோ, வாய்க்கு ஒரு வேலை."

கோபம் வந்ததா என்று நீங்கள் காலையில் கேட்டீர்கள். இல்லை. சும்மா இருக்கிறேன் என்று சொன்னேன். சொன்னபடி இருந்தேன். அன்று மீதி நேரம் "படி", "கல்", "கரை" தவிர ஒரு சொல் பேசவில்லை. அவள் மிகச் சந்தோஷமாக இருந்தாள். அதைத்தான் நான் கவனித்தேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதில்லை. ஒரு பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துத் தனக்குள் பாடினாள்.

விடிந்ததும் திரும்ப நடக்க வெளிக்கிட்டோம். தண்ணீருக்கு மேலே வெள்ளையாகப் பனிப்புகார் படர்ந்திருந்தது. தெருவில் ஆள் இல்லை. நான் ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டு வந்தேன்: பேசாமல் இருப்பது என்றால் என்ன? "படி" என்பதும் ஒரு விளக்கம்தானே. இது படி, இதன் உயரம் இவ்வளவு, காலை இப்படித் தூக்கு என்பதன் சுருக்கம். எச்சரிக்கை எங்கே முடிகிறது, விளக்கம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கீற முயன்றேன். நேர்மையாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கோடு இல்லை. வால்வு திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். கசிகிற வால்வைப் பழுது என்றுதான் சொல்வோம்.

அவளது முழங்கையிலிருந்து கையை எடுத்தேன். படம் எடுக்க வேண்டும்.

அந்தப் படத்தைத்தான் திவசத்தன்று காட்டினேன். சென்ற சனிக்கிழமை அவளது ஆண்டுத் திவசம். ஐயர் போன பிறகு, சாப்பிட்டு முடித்து, கமலினி சொன்னாள்: "அத்தான், அக்கான்ர கடைசிப் படங்கள் உங்களிட்டத்தானே இருக்கு. ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோவன்." நான் புரொஜெக்டரை எடுத்து வைத்தேன். திரைக்குத் துணி தேடினோம். சடங்குக்குக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியை மாற்றிவிட்டு அதையே சுவரில் குத்தினேன். நல்ல திரை, சுருக்கம் மட்டும் கொஞ்சம்.

ஒவ்வொரு ஸ்லைட்டாக விளங்கப்படுத்தினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். துக்க வீட்டில் குறுக்கே பேச மாட்டார்கள். அந்தப் படம் வந்தது. ரஞ்சினி நீலக் கம்பளிக் கோட்டோடு கரையில் நிற்கிறாள். முன்னால் வெண்புகார், அதற்கப்பால் தூரத்தில் கோபுரம். முகம் பாதி என் பக்கம் திரும்பியிருக்கிறது. வாய் சற்றுத் திறந்திருக்கிறது.

"பாருங்கோ, அக்கா சிரிக்கிறா" என்று கமலினி அழுதாள்.

"படம் எவ்வளவு வடிவா விழுந்திருக்கு அத்தான்" என்றான் யோகேஸ்வரன்.

அவன் மரியாதைக்குச் சொன்னது. ஆனால் அது சாதாரணப் படம் இல்லை என்பதால் நான் விளக்கினேன். ஸ்லைட் ஃபிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். அந்தப் புகாரில் ஷட்டரை மிக மெதுவாக வைத்தால்தான் படம் விழும். மெதுவாக வைத்தால் கை ஆடும். அதனால் பின்னால் போய் ஒரு களஞ்சியச் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, இடக்கையால் லென்ஸ் வளையத்தைப் பிடித்து, வலக்கையால் அமத்தி, மூச்சையும் நிறுத்தி எடுத்தது. எழுந்து சுவரில் சாய்ந்து நின்று காட்டினேன்.

யோகேஸ்வரன் எழுந்து வேட்டித் திரைக்குக் கிட்டப் போனான்.

"அத்தான், இது அந்த இடம்தானே?"

"ஓம். அந்த இடம்தான். அந்த நேரமும்தான்."

"அப்ப அக்கான்ர கையை ஆர் பிடிச்சிருந்தது?"

புரூஜ் பொலிஸாரிடம் நான் சொன்ன வரி அதுதான்: கையைப் பிடித்திருந்தேன், பாசிக் கல்லில் வழுக்கி நழுவிவிட்டாள் என்று. அவர்கள் நல்ல மனிதர்கள், குடிக்கக் கோப்பி தந்தார்கள், என் கமராவை யாரும் பார்க்கவில்லை. யோகேஸ்வரன் கேட்டது நல்ல கேள்வி. அந்தக் குடும்பத்தில் யாரும் என்னிடம் அவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. ஒருவரும் பிடித்திருக்கவில்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காக விளங்கப்படுத்தினேன். நான் முடிக்க முதல் கமலினி லைட்டைப் போட்டுவிட்டாள். கணவனைப் பார்த்து, "கதைக்க விடாதேங்கோ, பொலிசுக்கு ரெலிபோன் அடியுங்கோ" என்று கத்தினாள்.

எனக்கு நீந்தத் தெரியுமா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தெரியும். கீரிமலைக் கேணியில் பழகியவன். ஆனால் கம்பளிக் கோட்டு தண்ணீரை எப்படி உறிஞ்சும் என்றும் எனக்குத் தெரியும். முதலில் உள்ளே இருக்கிற காற்றால் மிதக்கும், அந்த நேரம் கொஞ்சம் இருக்கிறது. காற்று போன பிறகு கல் மாதிரி. அடுத்த ஸ்லைட்டை நான் அன்று காட்டவில்லை. வீட்டில் அலுமாரியின் மேல்தட்டில், பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆள் தெரியாது. வட்ட அலைகள் மட்டும். அலை கற்சுவரில் பட்டுத் திரும்பி வருகிற அலையோடு குறுக்கிடுவது நன்றாக விழுந்திருக்கிறது.

கடைசியாக, படத்தில் அவளது வாய் ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டீர்கள். கமலினி நினைத்தது போல அவள் சிரிக்கவில்லை. கேட்கிறாள். "இஞ்சாருங்கோ, நேர போகலாம்தானே?"

அவளது குழாய்க்குள் கோபுரம் நேரே தெரிந்தது. பாதை இடப்பக்கம் திரும்புவது தெரியவில்லை. என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அது படத்திலேயே இருக்கிறது: அவ்வளவு மெதுவான ஷட்டரில் நடக்கிற ஆள் கலங்கித்தான் விழுவார். ரஞ்சினி ஒரு மயிர்கூடக் கலங்காமல் விழுந்திருக்கிறாள். பதிலுக்காக அசையாமல் நின்றதால்தான் அவ்வளவு துல்லியம்.

எச்சரிக்கைச் சொல் வரவில்லை. அப்படியானால் வழி சரி. அது நான் வைத்த முறை, அதில் பிழை இருந்ததென்று ஒப்புக்கொள்கிறேன். ரயில் சிக்னலில் கம்பி அறுந்தால் சிக்னல் கை தானாக நில் என்கிற ஆபத்துப் பக்கம் விழும்படிதான் அமைப்பார்கள். நானும் சொல் வந்தால் மட்டும் நட என்று வைத்திருக்க வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். சும்மா இருக்கச் சொன்னது அவள்தான். நான் அவளுக்கு மறுத்துப் பேசியதே இல்லை.