ஓய்வுப் பாடத்துக்காக எழுப்பப்பட்டவர்கள்

ஜூலை 9, செவ்வாய். காலை 4.50க்குத் தண்ணீர் மோட்டார் போட்டேன். 5.15க்கு முதல் ஷிப்ட் பெண்களை எழுப்பினேன். 5.50க்கு அவர்களுடைய பஸ் போனது. 6.40க்கு இரவு ஷிப்ட் பஸ் வந்தது. இரவில் போனவர்கள் ஒன்பது பேர். இறங்கினவர்கள் எட்டுப் பேர்.

செல்வி இல்லை. அவளுடைய இயந்திரத்துக்கு மாற்று ஆள் வரவில்லையாம். காலை ஷிப்டிலும் நிறுத்திக்கொண்டார்கள். முந்தின நாளும் அப்படித்தான்.

ஒரகடத்தில் பெண்கள் விடுதி ஒன்றின் காப்பாளர் நான். போருக்குப் பிறகு இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவள். செல்வி முதுகுளத்தூர்ப் பக்கம். வயது இருபது. கார் உதிரிப்பாகக் கம்பெனியில் பிரஸ்ஸில் நிற்கிறாள். தகட்டை வைக்க வேண்டும். கையை எடுக்க வேண்டும். அச்சு இறங்கும். கை குறுக்கே வந்தால் இயந்திரத்தை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. வேகம் குறைகிறது என்று அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே கையை எடுப்பது செல்வியின் பொறுப்பு. அதற்கு அவள் தூங்கியிருக்க வேண்டும்.

மாற்று ஆள் கிடைத்த பிறகு 10.20க்கு வந்தாள். ஷூவோடு படுத்தாள்.

10.45க்குப் பயிற்சியாளர் வந்தார். கம்பெனி அனுப்பிய ஆள். காதோரம் மைக். வெள்ளைச் சட்டை. நன்றாகத் தூங்கிய முகம். ஏற்பு, ஓய்வு, நன்றி, விடாமுயற்சி என்று நான்கு பாடம். விடுதியில் இருக்கும் எல்லோரும் வர வேண்டும் என்று உத்தரவு. பகல் பதினொரு மணிக்கு விடுதியில் இருப்பவர்கள் யார்? இரவு முழுக்க வேலை செய்தவர்கள். இதை யோசிக்க அலுவலகத்தில் ஒருவருக்கும் மூளை இல்லை. அல்லது இருந்தது.

ஒன்பது பேரையும் எழுப்பினேன். ஓய்வைப் பற்றிக் கேட்பதற்காக.

சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சுவரில் சூரிய உதயப் படம் விழுந்தது. "இருக்கறத ஏத்துக்கங்க" என்றார். அது முதல் பாடம். நான்கு நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது ஓய்வு.

"கண்ணை மூடுங்க. உடம்ப லூசா விடுங்க. ரெஸ்ட்டுங்கறது நேரம் இல்லைங்க. அது ஒரு மனநிலை."

மூடினார்கள். ஆறு பேர் அங்கேயே தூங்கிவிட்டார்கள். ஒருத்தி குறட்டை விட்டாள். பயிற்சியாளர் கைதட்டி எழுப்பினார்.

"தூங்காதீங்கம்மா. ரெஸ்ட் எடுங்க."

இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. இதே சொற்கள்.

மூன்றாவது நன்றி. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். சோறு போடும் மெஷினுக்கு மனதார நன்றி சொல்ல வேண்டும். மதுரைக்காரி ஜோதி பக்கத்தில் கிசுகிசுத்தாள்.

"எதுக்குடி நன்றி? நேத்து என் விரல எடுக்காம விட்டதுக்கா?"

"சொல்லித் தொலடி. முடிச்சாத்தான் போய்ப் படுக்கலாம்."

சொன்னார்கள். கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். செல்வியும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினாள். கண் திறந்திருந்தது. நான் அருகில் போய் முகத்துக்கு நேரே கையை அசைத்தேன். இமை அசையவில்லை. நின்றபடி தூங்குகிறாள்.

இந்தத் தூக்கத்தை எனக்குத் தெரியும்.

பங்குனி மாதம். கடற்கரை. கஞ்சி வரிசை. எனக்கு முன்னால் என் தங்கை வதனி நிற்கிறாள். கையில் சட்டி. காலைப் பிடித்துக்கொண்டு அவளுடைய மகன். தூரத்தில் 'டுப்' என்று ஒரு சத்தம். அது எறிகணை புறப்படும் சத்தம். அடுத்து கூவிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் தரையோடு தரையாகிவிட வேண்டும்.

"படுங்கோ! படுங்கோ!"

எல்லோரும் படுக்கிறோம். வதனி நிற்கிறாள். கண் திறந்திருக்கிறது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன். மகன் அவள் பாவாடையை இழுக்கிறான். அவள் நிற்கிறாள்.

மூன்று இரவாகப் பதுங்குகுழி வெட்டியவள் அவள். ஈர மணல் சரிந்துகொண்டே இருந்தது. அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். விடாமுயற்சி என்றால் அதுதான். எனக்குச் சுவரில் படம் போட்டுக் காட்ட வேண்டாம். அவள் அதனால்தான் செத்தாள்.

நான்காவது பாடத்துக்கு என்னை முன்னால் அழைத்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா போரையே பார்த்தவங்க. அங்க கத்துக்கிட்ட பாடத்த நம்ம பொண்ணுங்களுக்குச் சொல்லுங்கக்கா."

"பாடம் ஒண்டும் இல்லை. என்ர தங்கச்சிக்கு நித்திரை இல்லை. நிண்டபடி நித்திரையாப் போனாள். செல் விழுந்தது. இந்தப் பிள்ளையளைப் படுக்க விடுங்கோ."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கைச் சரிசெய்தார்.

"பாத்தீங்களா? எவ்வளவு அழகா ஏத்துக்கிட்டாங்க. அக்காவுக்கு ஒரு பெரிய கைதட்டு."

தட்டினார்கள். இவ்வளவு பெரிய முட்டாளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. போரிலும் பார்த்ததில்லை. அங்கே முட்டாள்கள் சீக்கிரம் செத்தார்கள்.

பயிற்சி 1.10க்கு முடிந்தது. பிறகு குழுப் படம். அதன் பிறகு சாப்பாடு. 2.30க்கு மின்சாரம் போனது. ஆடிக்கு முந்தின புழுக்கம். அறைக்கு ஆறு பேர். செல்வி புரண்டுகொண்டே இருந்தாள். எவ்வளவு தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

இரவு 8.40. பஸ் ஹார்ன் இரண்டு முறை. எட்டுப் பேர் ஏறினார்கள். செல்வி கடைசியாக வந்தாள். நான் கேட்டைச் சாத்தி முன்னால் நின்றேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாக்கா, கேட்ட சாத்திகினு நிக்கிற? ஒரு ஆளு கொறையுது."

"அவள் இண்டைக்கு வரமாட்டாள்."

"சூப்பர்வைசர் என்னியப் போட்டு வாங்குவான்கா. இன்னா சொல்றது நானு?"

"விடுதிக்காரி விடேல்லை எண்டு சொல்லுங்கோ."

செல்வி என் தோளைத் தொட்டாள்.

"விடுங்கக்கா. போயிட்டு வந்துருதேன். லைன் லீடர் ஏசுவாரு."

"உன்ர காலைப் பார்."

இடது ஷூ வலது காலில் இருந்தது. வலது ஷூ இடது காலில். குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"சரியாத்தானக்கா இருக்கு."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஜோதி கத்தினாள். "ஏ செல்வி! ஷூ மாறிக் கெடக்குடி! கழட்டு!"

கழற்றுவதற்குப் படியில் உட்கார்ந்தாள். ஒரு ஷூவைக் கையில் எடுத்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். டிரைவர் அதைப் பார்த்தார். மறுபடி ஹார்ன் அடிக்கவில்லை. பஸ் போய்விட்டது. செல்வியைத் தாங்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தேன்.

9.25க்கு அலுவலகத்திலிருந்து போன்.

"காலையில அவ்வளவு நல்லாப் பேசினீங்களாம். இப்ப இப்படிப் பண்றீங்களே மேடம்? இந்த மாசத்தோட நாங்க வேற வார்டன் பாத்துக்கறோம்."

நல்லது என்றேன்.

இழப்புகளை எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது என்பதற்காக.

கடற்கரையில்: தங்கை வதனி, வயது இருபத்தொன்பது. அவள் மகன், வயது நான்கு. அவன் கடைசி வரை பாவாடையை விடவில்லை. பத்து நாள் கழித்து அம்மா, காய்ச்சலில். ஒரு தையல் இயந்திரம். ஒரு சைக்கிள். அம்மாவின் கண்ணாடி.

ஒரகடத்தில்: என் வேலை. அதோடு என் அறை. செல்வியின் அந்த மாத வருகைப்படி; ஒரு நாள் வராவிட்டாலும் அது கிடையாது.

பயிற்சியாளர் எதையும் இழக்கவில்லை. அடுத்த வாரம் இருங்காட்டுக்கோட்டையில் பேசுகிறார். வதனியின் கதையை அங்கேயும் சொல்லப்போவதாகக் கிளம்பும்போது சொன்னார். என்னிடம் கேட்கவில்லை. தெரிவித்தார்.

புதன் காலை. எழுந்ததும் முதலில் செல்வியின் கட்டிலுக்குப் போனேன். குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு கைகளும் கட்டிலுக்கு வெளியே தொங்கின. விரல்களை எண்ணினேன். அவள் பிரஸ்ஸுக்கே போகவில்லை, எண்ணத் தேவையில்லை என்று தெரியும். எண்ணினேன்.

பத்து.