சாகாத வண்டுகள்

— இரட்டிப்பு மருந்தா? யாரு சொன்னா, அழகரண்ணா?

— முதலாளிதான் தாயி. வண்டு சாகலேன்னா கூட்டி வையின்னுட்டாரு. நேத்துப் பொழுதுசாய வெஷக்காஸ் மாத்திரைய வச்சு, தார்ப்பாயப் போத்தி, கதவு இடுக்கெல்லாம் தாள் ஒட்டி குடோனப் பூட்டியாச்சு. நீ வண்டு பிடிக்கக் குப்பியோட வந்து நிக்கிற. இப்ப உள்ள போனா ஆள் திரும்பாது.

— அய்யோ, வண்டு ஏன் சாகலேன்னு சொல்லத்தானே களமசேரி லேபிலேருந்து ஓடி வந்தேன். போன தடவ இங்கேருந்து கொண்டுபோன வண்ட அங்க வச்சு டெஸ்ட் பண்ணினோம். மத்த குடோன் வண்டெல்லாம் காஸ் பட்டதும் செத்துப்போச்சு. உங்க சுக்கு வண்டு மட்டும் கொஞ்சநேரம் மயங்கிக் கிடந்துட்டு எழுந்து நடக்குது, கேட்டோ.

— மந்திரம் போட்ட மாதிரியா?

— மந்திரமொண்ணும் இல்ல. கொறஞ்ச மருந்து பட்டுப் பட்டுப் பழகிடுச்சு. தப்பிச்சது முட்டை போடுது, அதுக்கும் அந்த பலம் வருது. அப்போ நீங்க வைக்கிற காஸ் முழுசா உள்ள நிக்கல. எங்கேயோ வெளிய போகுது.

— என் கையால ஒட்டுன தாளு தாயி. எறும்பு கூட நுழையாது.

— உங்களக் குத்தம் சொல்லல. ஏன் கதவ விட்டுத் தள்ளியே நிக்கிறீங்க?

— இந்தக் கதவுக்கிட்ட வரவே பயமா இருக்கு. நீ கேலி பண்ணக்கூடாது.

— பண்ணல. சொல்லுங்க.

— முத்துவேலு. என் கூட்டாளி. முன்ன ஒருவாட்டி மருந்து வச்சிருந்தப்ப, தார்ப்பா விலகிருச்சுன்னு சரிபண்ண உள்ள போனான். இருமிக்கிட்டே விழுந்தவன்தான், எந்திரிக்கல. அதுக்குப் பெறகு எப்ப மருந்து வச்சாலும் அந்த இருமல் கேக்குது. பின்சுவர் பக்கம்.

— உங்களுக்கு மட்டுமா?

— வாச்மேன் ராஜப்பன் சேட்டனுக்கும் கேட்டுச்சு. அவரு பகல்ல கூட அங்கிட்டுப் போறதில்ல. நேத்து அம்புட்டு இருமலு. பொம்பள கொரல் மாதிரி, பச்சப்புள்ள கொரல் மாதிரி, மாறி மாறி. தேங்கா ஒடச்சு, சூடம் காட்டி, "முத்துவேலு, எங்கள விட்டுருடா"ன்னு அழுதேன்.

— அப்புறம்?

— விடிஞ்சதும் நின்னுருச்சு. போயிட்டான் தாயி. இனி வரமாட்டான்.

— அண்ணா, பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

— பாழடைஞ்ச வீடு. முதலாளியோடதுதான். ஆளில்லாமப் பூட்டிக் கெடக்குன்னு சொன்னாரு.

— நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா?

— சொன்னாப் போதாதா? எங்க போற? கற்பகம்! அந்தச் சந்து ஆகாது, நில்லு!

— காஸ் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியணும். வாங்க. இதோ, சுவர் மேல பாருங்க. உத்தரம் இருந்த பொந்து. அடைக்கவே இல்ல.

— அது உள்ளேருந்து பாத்தா மூட்டைக்குப் பின்னால மறைஞ்சிருமே...

— மூக்கப் பொத்துங்க. வெளுத்துள்ளி, அதான் பூண்டு, அழுகின மாதிரி காஸ் நாத்தம், அந்த வீட்டு ஜன்னல்லேருந்து வருது. அண்ணா, கொடியில துணி கெடக்கு.

— பழைய துணியா இருக்கும்.

— ஈரம் சொட்டுது. வாசப்படியில கப்பைக்கிழங்குத் தோல், நேத்து உரிச்சது. ஆளில்லாத வீடா இது?

— முருகா... அசாம்காரக் குடும்பம் ஒண்ணுக்கு முதலாளி எங்கயோ எடம் குடுத்தாருன்னு ராஜப்பன் சொன்னாரு. அது இங்கயா?

— நான் பயர் போர்ஸக் கூப்பிடறேன். நீங்க உயரம், ஜன்னல்ல பாருங்க. மூச்ச அடக்கிட்டுப் பாருங்க. என்ன தெரியுது? அண்ணா! சொல்லுங்கண்ணா!

— பாயில ஒரு பொம்பள. மடியில புள்ள. நெஞ்சு ஏறி எறங்குது... உசுரு இருக்கு தாயி, இருமத்தான் தெம்பில்ல. தள்ளு, கதவ ஒடைக்கிறேன்!