மச்சினனின் வலது கை

எனக்குச் சிரிப்புப் படங்கள்தான் பிடிக்கும். சண்டைப் படம் பார்த்தால் தலை வலிக்கும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் இடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் யாரோ யாரையோ அடிப்பதைப் பார்க்கத் தெம்பு கிடையாது. நடந்ததை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தப் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பழைய கருப்பு வெள்ளைப் படம். சீட்டாடி ஏமாற்றிப் பிழைக்கும் இரண்டு பேர் ஒரு வெகுளியைக் கண்டுபிடிக்கிறார்கள். அவன் கையில் சீட்டு வந்தால் தோற்பதே இல்லை. காதைச் சொறிந்தால் ராணி, மூக்கைத் தொட்டால் ராஜா என்று சைகை கற்றுக்கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போகிறார்கள். கடைசியில் பார்த்தால் அந்த வெகுளிதான் இவர்கள் இரண்டு பேரையும் ஏமாற்றியிருப்பான். நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். அந்த இடம் வரும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன்.

தினேஷ்குமார் என் மனைவி மாதேஸ்வரியின் தம்பி. ஊத்தங்கரைப் பக்கம் மழை பொய்த்து, கூலி வேலையும் நின்றுபோனபோது என் மாமியார் அவனை என்னிடம் அனுப்பினார். நான் இருந்த பிரஸ் ஷாப்பிலேயே ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டேன். நான் அங்கே செட்டர். மெஷினில் அச்சு மாட்டி, ஓட்டிப் பார்த்து, ஆபரேட்டர் கையில் கொடுப்பது என் வேலை. மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டிலேயே அவனும் தங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ரம்மி ஆடினோம். கீழே போட்ட சீட்டையெல்லாம் வரிசை மாறாமல் சொன்னான். என் கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்பதையும் சொன்னான். அவனுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. எனக்குத்தான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. அன்றைக்கே அவனுக்குப் போட்டுக் காட்டினேன். சைகைகளையும் சொல்லிக்கொடுத்தேன்.

உத்தனப்பள்ளியில் நாராயணப்பன் என்று ஒரு பெரிய விவசாயி. நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போய்விட்டது. அவரும் அவரைப் போன்ற நாலைந்து பேரும் தோட்டத்து மோட்டார் ரூமில் ஞாயிறு முழுக்கப் பணம் வைத்துச் சீட்டாடுவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கிறான், சீட்டைப் பிடிக்கவே தெரியாது என்று சொல்லி தினேஷை உட்கார வைத்தேன். நான் எதிரே, மற்றவர்கள் சீட்டு தெரிகிற இடத்தில் உட்கார்ந்து சைகை காட்டினேன். சாயங்காலம் நாராயணப்பன் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏமப்பா ராமப்பா, ஒண்ணும் தெரியாதுன்னு சொன்ன. உம் மச்சான் எங்க கையெல்லாம் எக்ஸ்ரே எடுத்துட்டானேப்பா."

அது என்னைப் பாராட்டியதாகவே எனக்குப் பட்டது. கம்பெனியில் பதினாலு வருஷமாக நான் கான்ட்ராக்ட். என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடும் மேனேஜர் ஒருவரும் இல்லை. அந்த மோட்டார் ரூமில் நான் காதைத் தொட்டால் ஆட்டம் மாறியது. இரண்டு வருஷம் அப்படி ஓடியது.

போன தை மாதம் அவனுக்குப் பெண் நிச்சயமானது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மாமா, இனிமே நான் ஆட வர்ல. பொண்ணு வூட்ல சீட்டு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க" என்றான்.

"நான் சைகை காட்டலன்னா நீ அங்க ஒருநாள் தாங்கியிருப்பியா மாப்ள?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "கோச்சிக்காதீங்க மாமா. உங்க சைகைய நான் ஒருநாளும் பாத்ததே இல்ல. பாதி நேரம் தப்பாத்தான் காட்டுவீங்க. பாவம், ஆசையா செய்யறாரேன்னு உட்டுட்டேன்."

ரசம் ஊற்ற வந்த மாதேஸ்வரி அப்படியே நின்று சிரித்தாள். "அப்ப அந்தப் படத்துல ஏமாந்து போறவரு இவருதானா?" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் யோசித்தது அவன் நல்லதை மட்டும்தான். சீட்டை விட்டுவிடுகிறேன் என்று சொன்னவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்யாணம் ஆன பிறகு இவனும் போய் உட்காருவான். அந்தப் பெண் அழும். யாராவது ஒருவர் முன்கூட்டியே பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பெரியவன் நான்தான்.

பிரஸ்ஸில் கை உள்ளே போனால் சென்சார் பார்த்து மெஷினை நிறுத்திவிடும். அச்சு மாற்றும்போது மட்டும் அதை அணைத்துவைக்க ஒரு சாவி உண்டு. அது செட்டரிடம் இருக்கும். தினேஷ் வேகக்காரன். காலால் பெடலை மிதித்துக்கொண்டே கையால் தகட்டைச் சரிசெய்வான், சென்சார் இருக்கிறதே என்ற தைரியத்தில். நானே பலமுறை திட்டியிருக்கிறேன்.

அது புதன்கிழமை. காலை டீக்கு முன்னால் அச்சு மாற்றினேன். சாவியைத் திருப்பி சென்சாரை மறுபடி போடவில்லை. "சென்சார் ஓகேவா மாமா?" என்று வழக்கம்போலக் கேட்டான். "ஓகே, ஓட்டு" என்றேன்.

பதினேழாவது தகடு. எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஓடியது நான்தான். என் சட்டையைக் கழற்றிச் சுற்றியதும் நான்தான். யாரும் திரும்புவதற்கு முன்னால் சாவியைப் பழையபடி போட்டுவிட்டேன். ஆம்புலன்சில் அவனுடைய இடது கையை விடாமல் பிடித்திருந்தேன். கட்டை விரலைத் தவிர வலது கையில் எதுவும் மிஞ்சவில்லை. பெண் வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் நானே ஊட்டிவிட்டேன். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று காம்பவுண்டில் எல்லாரும் சொன்னார்கள்.

கம்பெனி அவன் மேல்தான் தவறு என்று எழுதியது. அவன் மறுக்கவில்லை. ஒருநாள் மட்டும் சாப்பிடும்போது கேட்டான். "மாமா, அந்தச் சாவி அன்னிக்கு யாருகிட்ட இருந்துச்சு?"

"அது ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட்டு கை மாறும் மாப்ள" என்றேன். தலையாட்டினான். அடுத்த வாய் வேண்டாம் என்றான்.

இப்போது மெஷினில் சாவி திருப்பிய நேரமெல்லாம் பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். திருப்பியது நான். தெரிந்தேதான் திருப்பினேன். கையெழுத்தும் போட்டுத்தருகிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

அவன் கேட்டதற்கு மறுநாள் மாதேஸ்வரி அவனைக் கூட்டிக்கொண்டு ஊத்தங்கரைக்குப் போனாள், கொஞ்சநாள் ஓய்வெடுக்கட்டும் என்று. எங்கள் மகளுக்குப் பள்ளிக்கூட டி.சி.யையும் வாங்கிக்கொண்டு அவளையும் கூட்டிப்போனாள். எட்டு மாதம் ஆகிறது. கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. அந்தப் பக்கம் டவர் சரியில்லை. தினேஷுக்கு ஏதாவது தெரிந்திருந்தால் என்னிடமே நேராகக் கேட்டிருப்பான், ஐயா. என்னிடம் அவன் எதையும் மறைத்ததில்லை.