கயிறு தொய்யாது என்று வைத்துக்கொண்டால்

எனக்கு முதுகுவலி உண்டு, அதனால்தான் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்டதை முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கம் ஆட்கள் நின்று கண்ணாடி துடைப்பார்களே, அந்தத் தொங்கு மேடைகளைச் செய்வது எங்கள் கம்பெனி. நாலு மூலையில் நாலு கயிறு, கயிற்றுக்கொரு மோட்டார். மேடை தாங்குமா என்று கணக்குப் போடுவது என் வேலை. எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்தே கணக்குப் போடுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. நாலு வரிசை, நாலு நிரையில் கட்டம் போட்ட அணி ஒன்று வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் எப்படிப்பட்டது என்று நாம்தான் சொல்ல வேண்டும். 'இது பூஜ்ஜியத்தைவிடப் பெரியது' என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் நம்பிவிடும். அந்த எழுத்தால் வகுக்கும், பின்னத்தின் மேலேயும் கீழேயும் இருப்பதை அடித்துவிடும், விடை ஒரே வரியில் வந்து நிற்கும். சொல்லாவிட்டால் பக்கம் பக்கமாக நீளும்.

கயிறுகளின் விறைப்பைக் குறிக்கும் நாலு எழுத்துகளையும் அப்படித்தான் வைத்தேன். எல்லோரும் செய்வதுதான்.

கூட்டத்தில் அதை விளக்கியபோது சுண்டெலி கையைத் தூக்கினாள். சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். சிறிய உருவம்; எதையும் கொறித்துப் பார்க்காமல் விடமாட்டாள். அதனால் அந்தப் பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் சிரிப்பாள்.

"சார், ஒரு கயிறு தொய்ஞ்சு போச்சுன்னா அந்த எழுத்து பூஜ்ஜியம்தானே? அதால எப்படி வகுத்தீங்க?"

"கயிறு தொய்யாதும்மா."

"ஒரு மோட்டார் மட்டும் மெதுவா ஓடினா தொய்யுமே சார்."

யாரோ சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்ததா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். வரவில்லை. காது மட்டும் கொஞ்ச நேரம் அடைத்திருந்தது.

சாப்பாட்டு வேளையில், எல்லோரும் போனபின், பூஜ்ஜியத்தைவிடப் பெரியது என்ற அந்த நிபந்தனையை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். அவள் சொன்னது சரி. ஒரு கயிறு தொய்ந்தால் எதிர்மூலைக் கயிறும் கூடவே தொய்யும். மிச்சம் இரண்டுதான், அவை அந்தப் பாரத்தைத் தாங்காது. திரையில் தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிபந்தனையைத் திரும்ப எழுதினேன். விடை பழையபடி ஒரே வரியாகச் சுருங்கியது. அதைத்தான் அனுப்பினேன். நான் பொய் எழுதவில்லை. கயிறு தொய்யாதவரை அது சரியான விடை.

வழக்கமாக முதலில் மணல்மூட்டைகளை ஏற்றித்தான் சோதிப்போம். கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது நேரே ஆளை ஏற்றலாம் என்றேன். யார் ஏறுவது என்று மேலாளர் கேட்டார். சந்தேகம் உள்ளவர்களே ஏறிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்றேன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஏறுவதற்கு முன் அவள் என்னிடம் வந்தாள்.

"நான் கேட்டதை மறுபடி பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்மா."

"சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

"நீங்களே பாத்துட்டீங்கன்னா எனக்குப் பயமில்ல சார்."

அவளுடைய தலைக்கவசத்தின் பட்டை தளர்வாக இருந்தது. நான்தான் இழுத்து இறுக்கிவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மோட்டார்களில் நான் கைவைக்கவில்லை. நாலு மோட்டார் ஒரே வேகத்தில் ஓடி நான் பார்த்ததும் இல்லை. மூன்றாம் மாடி உயரத்தில் ஒன்று பின்தங்கியது. கயிறு தொய்ந்தது. மற்றது கணக்குப்படி நடந்தது. அவள் இடுப்புப் பட்டையைத் தனிக் கயிற்றில் மாட்டாமல் மேடைக் கம்பியிலேயே மாட்டியிருந்ததால் மேடையோடு சேர்ந்தே கீழே வந்தாள். கத்தினாளா என்று எனக்கு ஞாபகமில்லை.

மேடையில் இரண்டு பேர் இருந்திருக்க வேண்டுமே, ஏன் ஒருத்தி மட்டும் என்று கேட்டீர்கள். மோட்டாரை ஓட்ட என் தம்பி ஏறுவதாக இருந்தது. அதே கம்பெனியில் மின்வேலை செய்கிறான். ஒரு காலை மேடையில் வைத்துவிட்டான். நான்தான் கூப்பிட்டேன்.

"டேய், இறங்குடா. அண்ணிக்கு உடம்பு முடியலையாம், வீட்டுக்குப் போய்ப் பாரு."

"இப்பவா? இதை ஓட்டிக் காட்டிட்டு ஓடிடறேன் அண்ணா."

"இப்பவே போடா."

முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சுப் பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டில் என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து தம்பி என்னிடம் பேசுவதில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அவனுக்கு நல்லதுதான் செய்தேன்.

மேடை விழும் என்று எனக்கு எப்படி ஐயா தெரியும்? கூடப்பிறந்தவன் ஆயிற்றே, அவனை ஏற்ற மட்டும் மனசு வரவில்லை.