நீலத் தார்ப்பாய்க்குள் ஒரு ஹட்சன்

“ஹலோ... அண்ணியா? வெர்லின் பேசறேன். மரணம்கிறது முடிவே இல்ல அண்ணி. அது வந்து ஒரு... இல்ல அண்ணி, குடிக்கல. ... ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்கு எவனாவது குடிப்பானா? ... சரி, அண்ணன் குடிப்பார். நான் குடிக்கல.”

மரணத்தைப் பற்றி இன்னும் இரண்டு வாக்கியங்கள் வெர்லின் ஹாகனிடம் தயாராக இருந்தன. பல் தந்தியடித்ததில் இரண்டும் வாய்க்குள்ளேயே நொறுங்கிப் போயின.

மின்னசோட்டாவின் வட கோடியில், தன் சொந்த வீட்டின் பின்புறம், ஐம்பத்திரண்டாம் வருடத்து ஹட்சன் கார் ஒன்றின் முன்சீட்டில் வலப்பக்கமாக அவர் உட்கார்ந்திருந்தார். காருக்கு மேல் நீலத் தார்ப்பாய். தார்ப்பாய்க்கு மேல் இரண்டடிப் பனி. அதற்கும் மேலே, ஃபாரன்ஹீட் கணக்கில், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி. கால் மணி நேரத்துக்கு முன் ஏறி உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கதவை இழுத்துச் சாத்தினார். அது அப்புறம் திறக்கவில்லை. இடது பக்கம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சீட் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் முடிந்தவரை பார்க்காமல் இருந்தார்.

“அங்க எப்படி, வெயிலா? ... எழுபத்திரண்டா. நல்லது, நல்லது. ... யாரு சட்டை போடாம? ... ஓ, பக்கத்து வீட்டுக்காரரு. ... நான் எங்கேருந்தா? கார்லேருந்து. ... இல்ல, ஓட்டல. நிக்குது. ... அது எங்கேயும் போகாது அண்ணி. ... ஆமா. அந்தக் காருதான். அண்ணன் காரு.”

அண்ணன் ஓரின் இறந்து நாலு வருடம் ஆகிறது. கழற்றிப் போட்ட காரைப் பூட்டி முடித்து, அதில் தன்னை ஒரு தடவை ஏரியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. தம்பி கையடித்து வாக்குக் கொடுத்தார். சாம்பல் ஒரு ஜாடியில் அண்ணி ஆர்டிஸிடம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் வெயில் காய்ந்துவிட்டு அவள் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊருக்கு வருவாள், ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு ஜூனிலும் வெர்லின், பெயிண்ட் மட்டும்தான் பாக்கி என்பார்.

“கராஜ்லதான் இருக்கு. ஆமா ஆமா. ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு, கதகதன்னு... எது? ... பல்லா? ரேடியோ அண்ணி. ரேடியோல மத்தளம் வாசிக்கிறான்.”

சொல்லிவிட்டுத் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

“சரி, நான் சொல்றதைக் கேளுங்க. இன்னிக்குக் காலைல ஹார்ன் அடிச்சுது. ... இந்தக் காருதான். ரெண்டு தடவை, சின்னச் சின்னதா. என்னைக் கூப்பிட வந்தா வாசல்ல அடிப்பாரே, அதே மாதிரி. ... ஒயர் எதுவும் உரசல அண்ணி. பாட்டரியே இல்ல. நாலு வருஷம் முன்னாடியே கழட்டி பேஸ்மெண்ட்ல மரப்பலகை மேல வச்சாச்சு. அது என்னோட முதல் கட்டளை.”

ஏரிக்கரைப் பழங்கார்க் கழகத்தின் தலைவர் வெர்லின். பதினோரு வருடமாக ஒவ்வொரு அக்டோபரிலும், பனி விழுவதற்கு முன், கழகத்தாரைக் கூட்டிவைத்து ‘குளிர்காலத்தை வெல்லும் பத்துக் கட்டளைகள்’ என்ற சொற்பொழிவை ஆற்றுவார். கட்டளைகளை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறார். மாவட்டத்தில் நாற்பது கராஜ்களில் அவை தொங்குகின்றன. திறந்தவெளியில் காரை விடுகிறவன் காரை வைத்துக்கொள்ள அருகதையற்றவன் என்பது இரண்டாவது. பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்துகிறவன் இரும்பைத் தன் கையால் புதைக்கிறவன் என்பது மூன்றாவது. முதல் கட்டளையை மட்டும் அவர் மீறியதே இல்லை.

அதனால்தான் ஹார்ன் சத்தம் கேட்டதும் காப்பிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வீட்டில் வேறு யாருமில்லை. மனைவி லவான், தங்கை வீட்டுக்கு ஃபார்கோ போயிருந்தாள். மண்வெட்டியால் பனியை வழித்து, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், கண்ணாடி முழுக்க உறைபனி படிந்திருந்தது. இதை அப்படியே அண்ணியிடம் சொன்னார்.

“உள்பக்கம் அண்ணி. வெளியே இல்ல, உள்பக்கம். யாரோ உக்காந்து ராத்திரி பூரா மூச்சு விட்ட மாதிரி. அதுல ஸ்டியரிங்குக்கு நேரா மட்டும் ஒரு கையளவு தெளிவா இருக்கு. சட்டைக் கையால துடைச்சு ரோட்டைப் பாப்பாரே, அப்படி. ... எலியா? எலிக்கு எதுக்கு அண்ணி ரோடு தெரியணும்? ... புகையிலை வாசனை வேற. உதட்டுக்கு அடியில ஒதுக்குவாரே, அந்தப் புதினாப் புகையிலை. ... இப்பவும் அடிக்குது. ... பாக்கல. நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல.”

நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். கண்ணோரத்தில் ஸ்டியரிங் சக்கரத்தின் கீழ்ப்பாதி தெரிந்தது. அதில் மட்டும் பனி இல்லை.

“... என்ன தார்ப்பாயா? ... நான் சொன்னேனா? ... கராஜுக்குள்ள எதுக்குத் தார்ப்பாய்னா... தூசி அண்ணி. தூசி விழும்ல. ... பனியா? பனின்னும் சொன்னேனா?”

வெர்லின் தாடையிலிருந்து கையை எடுத்தார்.

“அண்ணி. கார் கராஜ்ல இல்ல. வெளியே இருக்கு. பின்னாடி ஸ்ப்ரூஸ் மரத்தடியில. நாலு குளிர்காலமா அங்கதான் கிடக்கு. நான் பொய் சொல்லிட்டேன். இதைச் சொல்லத்தான்... என்னது? ... தெரியுமா? ... எப்பலேருந்து? ... லவான் சொன்னாளா. ... போட்டோவும் அனுப்பறாளா. ... வருஷா வருஷமா. ... கிறிஸ்துமஸ் வாழ்த்தோட சேத்தா.”

மூக்கு நுனியில் தொங்கிய சொட்டு உறைந்துவிட்டிருந்தது. அதைக் கிள்ளி எடுத்தார்.

“அப்புறம் ஏன் வாரா வாரம் கராஜ்ல எத்தனை டிகிரி, எத்தனை டிகிரின்னு கேட்டீங்க? ... எனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னா. ... ம். அம்பத்தஞ்சுன்னு எவ்வளவு அழகா சொல்லியிருக்கேன். ... சரி விடுங்க. இப்ப சமாச்சாரம் அது இல்ல. கதவு திறக்க மாட்டேங்குது. ... என் பக்கத்துக் கதவு. ரப்பர் உறைஞ்சு போய் பிடிச்சுக்கிச்சு. ... ஆமா, அக்டோபர்லயே கிரீஸ் தடவியிருக்கணும். ... தெரியும் அண்ணி. நான்தானே எழுதினேன். ஆறாவது கட்டளை. ... அந்தப் பக்கத்துக் கதவா? வேணாம். ... வேணாம்னா வேணாம். ... ஏன்னா, அங்க நகந்தா அவர் மடியில உக்காரணும்.”

ஆர்டிஸ் எதையோ நீளமாகச் சொன்னாள். வெர்லின் போனைக் காதிலிருந்து எடுத்து, சார்ஜ் பத்தொன்பது என்று பார்த்துவிட்டு, மறுபடி காதில் வைத்தபோதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

“கேய்லனையா? கூடவே கூடாது. ... தீயணைப்புக்காரன்தான், இல்லேங்கல. ஆனா கழகத்துக்கு அவன்தானே செயலாளர். என் கட்டளை அவன் கராஜ்ல ஃப்ரேம் போட்டுத் தொங்குது அண்ணி. இப்ப அவன் வந்து இந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பாத்தான்னா நான் ஊர்ல தலைகாட்ட முடியாது. ... விரல் இருக்கு, பத்தும் இருக்கு. கால் விரல் மட்டும் கொஞ்ச நேரமா பேச மாட்டேங்குது. ... கோபப்படாதீங்க.”

திடீரென்று குரலைத் தணித்துக்கொண்டார். இடது பக்கம் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

“அண்ணி, அந்த ஜாடி எங்க? ... டிவி பக்கத்துலயா. போனைக் கொண்டுபோய் அதுகிட்ட வைங்க. ... எனக்கு மூளை கலங்கல. ஒரு விஷயம் அவர்கிட்ட சொல்லணும். இங்க சொல்லலாம்தான், ஆனா இங்க... இங்க அவரு ரொம்பப் பக்கத்துல இருக்காரு. ... அஞ்சு நிமிஷம். நீங்க கேக்கக் கூடாது. சமையல்கட்டுக்குப் போயிடுங்க. அங்கதான் இன்னொரு போன் இருக்கே, யார்கிட்டயாவது பேசிக்கிட்டு இருங்க. ... சரி. ... வச்சுட்டீங்களா?”

‘டக்’ என்று மரத்தில் போன் வைக்கப்படும் சத்தம். செருப்புக் காலடி தேய்ந்து மறைந்தது. அதற்கப்புறம் அரிசோனாவிலிருந்து ஒன்றும் வரவில்லை.

“அண்ணா... நான்தான்.”

ஜாடி பேசவில்லை. கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும் ‘பெரியோர்களே’ என்று தொடங்கிப் பழகிய வாய், இப்போது எங்கே தொடங்குவதென்று தெரியாமல் தடுமாறியது.

“வெயில் நல்லா இருக்காமே அங்க. ... அண்ணா, ஆஸ்பத்திரியில நீ கேட்டே, எஞ்சின் பூட்டியாச்சான்னு. பூட்டியாச்சு, ஓடுதுன்னேன். உன்னை மாதிரியே ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சுப் பாத்தேன்னு சொன்னேன். நீ சிரிச்சே. அப்புறம் ரெண்டு நாள்தான். ... நான் அடிக்கவே இல்ல அண்ணா. இதுக்குள்ளகூட வரல. அன்னிக்குச் சாயங்காலம் தார்ப்பாயைப் போட்டு மூடினதுதான்.”

தார்ப்பாய் மேலே லேசாக எழும்பி, மெல்ல அடங்கியது. வெளியே காற்று இருந்ததாகத் தெரியவில்லை.

“நேரம் இல்லாம இல்ல. கராஜ்ல இடம் இல்லாமயும் இல்ல. அங்க ஏரிப்பனி மேல இழுத்துட்டுப் போற ரெண்டு மீன்பிடிக் குடிசையும் புல்வெட்டுற வண்டியும்தான் நிக்குது, நகத்தினா நகந்துடும். எனக்கு... எனக்குத் தெரியாது அண்ணா. பூட்டத் தெரியாது. எஞ்சின் பதினொரு காப்பி டப்பாவுல பின்சீட்டுல கிடக்கு. எது எங்க போகும்னு ஒண்ணும் புரியல. நீ கழட்டுவே, நீ பூட்டுவே, நான் விளக்குப் பிடிப்பேன். நாப்பது வருஷமா நான் பிடிச்சது விளக்கு மட்டும்தான்.”

அப்போதுதான் கேட்டது. இடது பக்கம், டிரைவர் கதவுக்கு வெளியே.

சர்ர்க். சர்ர்க்.

ஓரின் துருவைச் சுரண்டுகிற சத்தம் அப்படித்தான் இருக்கும். அவசரமில்லாமல், ஒரே அளவாக. இப்போதும் வெர்லின் திரும்பவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து நீலம் மட்டும் மெதுவாக வெளுத்துக்கொண்டு வருவது கண்ணோரத்தில் தெரிந்தது.

“நீயா அண்ணா?”

சத்தம் நின்றது. அப்புறம் இன்னும் மெதுவாகத் தொடர்ந்தது.

“சரி, சுரண்டு. சுரண்டிக்கிட்டே கேளு. பதினோரு வருஷமா கழகத்துல நின்னு பேசறேன். வெர்லின், வந்து என் காரை ஒரு பார்வை பாருன்னு ஒருத்தன் கூப்பிட்டதில்ல, ஒரே ஒரு தடவைகூட. நல்லவேளைன்னு இருந்துட்டேன். கேய்லன்கிட்ட கேட்டிருக்கலாம். அவன் ஒரு மண்டு, அவன் கார்ல அடிச்சிருக்கிற பச்சையைப் பாத்தா வாந்தி வரும். ஆனா கைவேலைக்காரன். கண்ணை மூடிக்கிட்டுப் பூட்டிடுவான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் ஜூன்லயே உன்னை ஏரியைச் சுத்திக் கூட்டிட்டுப் போயிருப்பேன். கேக்க வாய் வரல அண்ணா. கேட்டா நான் யாருன்னு தெரிஞ்சுடும். உன்னை வெயில்ல, டிவி பக்கத்துல உக்கார வச்சுட்டு, உன் காரைப் பனியில போட்டுட்டு, ஊருக்குப் புத்தி சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

சுரண்டல் நின்றுவிட்டது. இந்தத் தடவை தொடரவில்லை.

“அண்ணா? ... கேட்டியா? ... ஏதாவது சொல்லு. திட்டவாவது செய்.”

போனைப் பார்த்தார். திரை கறுத்துக் கிடந்தது. பொத்தானை அழுத்தினார். குளிர் மிச்சமிருந்த சார்ஜையும் தின்றுவிட்டிருந்தது. ஜாடியின் மௌனம் எங்கே முடிந்தது, செத்த போனின் மௌனம் எங்கே தொடங்கியது என்று அவரால் சொல்ல முடியாது. தான் பேசியதில் எவ்வளவு அரிசோனா போய்ச் சேர்ந்தது என்பதும் தெரியாது. அதற்காக அவர் நிறுத்தவுமில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் முறையாக இடப்பக்கம் திரும்பினார்.

“கால் மரத்துப்போச்சு அண்ணா. அந்தக் கதவு வழியா இறங்கிக்கறேன். கொஞ்சம் தள்ளிக்கோ. ... என்னை மன்னிச்சுட்டேன்னு சொல்ல வேணாம். தள்ளிக்கிட்டாப் போதும்.”

கண்ணை மூடிக்கொண்டு நகர்ந்தார். சீட்டின் மற்ற இடமெல்லாம் பலகையாக விறைத்திருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல் மெத்தையாக இருந்தது. கைப்பிடியை அழுத்தினார். கதவு முனகாமல் திறந்தது.

டிரைவர் பக்கத்துப் பனி மொத்தமும் வழித்து எடுக்கப்பட்டிருந்தது. கேய்லனும் கழகத்தார் ஐந்து பேரும் மண்வெட்டியோடு வரிசையாக நின்றிருந்தார்கள். ஆர்டிஸ் போன் பண்ணியபோது ஆறு பேரும் பக்கத்திலேயே இருந்ததாகவும், வந்து சில நிமிடம் ஆகிறதென்றும், அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்ததால் முடிக்கட்டும் என்று காத்திருந்ததாகவும் கேய்லன் சொன்னான்.