மூன்றாம் தடவைக்கு நாலு கண்

— ஆட்டுத் தலை ரெண்டையும் எங்கை வைச்சனீர், அய்யாவு?

— சூப்புல கெடக்குங்க, சின்ன டாக்டர்.

— என்ன சூப்பு?

— நம்ம ஆஸ்பத்திரி சமையக்காரன் காளியப்பன் வச்ச சூப்பு. உங்களச் சோதிக்கப் பெரிய டாக்டர் கோத்தா திங்கியில இருந்து வர்றாரு, தலையும் வந்திருக்கு, அப்ப விருந்துதான்னு அவனா நெனச்சுக்கிட்டான். மிளகு நெறைய போட்டிருக்கான்.

— அந்த நாலு கண்ணையும் வெட்டிக் காட்டித்தானே நான் கண் வைத்தியச் சோதினை பாஸ் பண்ணவேணும். ரெண்டு தரம் கோட்டை விட்டாச்சு. இண்டைக்கும் தேறாட்டி, ஆயுசுக்கும் இந்த றப்பர்க் காட்டிலை சொறிக்கு மருந்து பூசுறதுதான். ஓடிப்போய்க் கண்ணையாவது எடுத்துக்கொண்டு வாரும்.

— போய்ப் பாத்துட்டேங்க. அவிச்ச முட்டை மாதிரி ஆயிருச்சு. அதுலயும் ஒண்ணக் காணோம். காளியப்பன் உப்புப் பாத்தானாம்.

— அப்ப என்ர சோலி முடிஞ்சுது.

— அலமாக், அப்படிச் சொல்லாதீங்க லா. இதப் பாருங்க. மாத்தா கூச்சிங், பூனைக்கண்ணுப் பழம், பின்னால மரம் பூரா தொங்குது. தோலை உரிச்சுட்டேன். வெள்ளையா, வழவழன்னு, உள்ள கருப்பா கொட்டை. சின்னதா கீறி, சதை கிழியாம கொட்டைய வெளிய தள்ளணும். நீங்க கண்ணுல புரை எடுக்கிறதும் அதானே?

— உமக்கு விசரோ? முப்பது வருசம் கண் வெட்டின மனுசன் பழத்தைக் கண்ணெண்டு நம்புவாரோ?

— நம்பலைன்னா திங்கட்டும். செருப்புச் சத்தம் கேக்குது, வந்துட்டாரு. நாலையும் தட்டுல வச்சுட்டேன்.

— தம்பி சிவசம்பு, எல்லாம் ஆயத்தமோ? உந்த மூலையிலை நிக்கிற நேர்ஸ் பிள்ளை ஏன் வாய் திறக்கிறா இல்லை?

— அது கோட்டு மாட்டுற கம்புங்க, பெரிய டாக்டர்.

— ம். மெலிஞ்ச பிள்ளை. சரி தம்பி, தொடங்கும்.

— ஓம் ஐயா. இது முதலாவது கண்.

— பொறும், நான் கிட்ட வாறன். ம், கீறல் நல்ல சின்னன். மெல்ல, மெல்ல. வந்திட்டுது. ஆட்டிலை இவ்வளவு கறுத்து முத்தின புரையை நான் கண்டதே இல்லை. இதென்ன இனிச்ச மணம்?

— எங்க ஆடு வாழையிலதாங்க மேயுது.

— உம்மைக் கேக்கேல்லை. அடுத்தது, தம்பி.

— இந்தாங்கோ ஐயா, ரெண்டாவது. இது மூண்டாவது. இது கடைசி.

— ஒரு துளி சிந்தேல்லை. இந்த வருசம் இருபத்தஞ்சு பெடியளைச் சோதிச்சிட்டன், இப்பிடி ஒரு கை காணேல்லை. நீர் பாஸ். எங்கை கையெழுத்துப் போடுறது?

— அது மேசைங்க. தாள் இந்தப் பக்கம் இருக்கு.

— ம். தம்பி, அந்தக் கதவைச் சாத்தும். துரைமாருக்குத் தெரிஞ்சால் என்னை வீட்டுக்கு அனுப்பிப் போடுவினம். எனக்கு ரெண்டு கண்ணிலையும் புரை. நம்பக்கூடிய கை ஒண்டு தேடித்தான் நானே ஊர் ஊராய்ச் சோதினை வைக்க வாறன். நாளைக்குக் காலமை என்ர வலக் கண்ணை நீர்தான் வெட்டுறீர். நான் போய் அந்தச் சூப்பைக் குடிக்கிறன்.

— சின்ன டாக்டர், அவரு போயிட்டாரு. பாஸாயிட்டீங்க லா. ஏன் மறுபடி கத்தியக் கையில எடுக்குறீங்க?

— அய்யாவு, அந்த மரத்திலை இன்னும் எத்தினை பழம் கிடக்கு?